ஏலத்தில் கை தூக்கியவர்

1

சென்ற சனிக்கிழமை வால்தம்ஸ்டோ சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு வரும்போது, வழமையான தெருவைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். அடுத்த தெருவால் திரும்பினேன். அங்கே இராசன் அண்ணையின் பழைய வீட்டு வாசலில் விற்பனைப் பலகை நட்டிருந்தது. இப்போது லண்டனில் வீட்டு விலை மறுபடியும் ஏறத் தொடங்கிவிட்டது. அந்த வீட்டுக்கு என்ன கேட்பார்கள் என்று யோசித்தபடி நின்றேன். உள்ளேயிருந்து யாரோ திரைச்சீலையை விலக்கி என்னைப் பார்த்தார்கள். இந்த ஊரில் ஒரு வீட்டை நாங்கள் உற்றுப் பார்த்தால் வாங்க வந்தவர்கள் என்று எவரும் எண்ணுவதில்லை. பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

லண்டனிலிருந்து எழுதுகிறவர்கள் வீடு வாங்கிய கதையை எழுதுவார்கள். புதுவீட்டுக் குடிபூரலுக்கு எடுத்த படமும் அனுப்புவார்கள். வீடு போன கதையை ஊருக்கு எழுதியவரை நான் அறியவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

2

இராசன் அண்ணையும் புஷ்பம் அக்காவும் எங்களுக்கு உறவில்லை. எண்பத்தைந்தாம் ஆண்டு நாங்கள் கைக்குழந்தையைப் போல ஒரு சூட்கேசை அணைத்துக்கொண்டு வந்திறங்கியபோது, முதல் மூன்று மாதமும் எங்களைத் தங்கள் வீட்டில் வைத்துச் சோறு போட்டவர்கள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எங்கள் மகள் வாணி இங்கிலிஷ் பேசத் தொடங்கியது அவர்கள் வீட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால்தான்.

அண்ணை மோட்டார் உதிரிப்பாகம் செய்கிற ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்தார். தொண்ணூற்றொன்றில் அதை மூடினார்கள். அப்போது எங்கு பார்த்தாலும் மூடிக்கொண்டுதான் இருந்தார்கள். வீட்டுக் கடன் வட்டி தலைக்கு மேல் நின்றது. மந்திரிமார் தொலைக்காட்சியில் வந்து, கஷ்டம் முடிகிற காலம் கிட்டிவிட்டது என்று ஒவ்வொரு பருவத்துக்கும் சொன்னார்கள். அரசாங்கமும் கடன் கொடுத்தவர்களும் கூடிப் பேசி, வீடு பறிப்பதைக் குறைக்கப் போகிறார்கள் என்றும் ஒரு நாள் செய்தி வந்தது. அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு அண்ணை சொன்னார்:

"இரண்டு பேரும் சிரிச்சுக்கொண்டு கை குடுக்கினம். அப்ப நாங்கள் கவனமா இருக்கவேணும்."

அவர் சொன்னது சரியாகத்தான் போனது.

அரசாங்கத்தைக் குறை சொல்வது எளிது. எங்கள் சனம் என்ன செய்தது என்று சொல்லத்தான் நாக்குத் தடுமாறுகிறது. வேலை போன சேதி பரவியதும் கோயிலில் அண்ணைக்குப் பக்கத்தில் இடம் காலியாகக் கிடக்கத் தொடங்கியது. கடன் கேட்டுவிடுவாரோ என்ற பயம். பிறகு காரணம் கண்டுபிடித்தார்கள். குதிரைப் பந்தயம் என்றார் ஒருவர். தங்கச்சிமாருக்கு அள்ளிக் கொடுத்தவர் என்றார் இன்னொருவர். புஷ்பம் அக்காவின் காப்பைக் கூட எடை போட்டார்கள். விழுந்தவனிடம் ஒரு பிழை இருந்தால்தான் நிற்கிறவனுக்கு நித்திரை வரும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கடன் தவணை கட்ட முடியாமல் போனதும் அண்ணை ஒரு காரியம் செய்தார். வாசலில் ஆள் வந்து பூட்டை உடைத்து வெளியே விடுவதை அயலவர்கள் பார்க்கக்கூடாது என்று, வீட்டைக் கூட்டித் துடைத்து, வாசல் பூட்டின் திறப்பை உறையில் போட்டுக் கடன் கொடுத்தவர்களுக்குத் தபாலில் அனுப்பிவிட்டார். பிறகு, வீடற்றவர்களுக்கு இடம் கொடுக்கிற உள்ளூர்க் கவுன்சிலுக்குப் போய் ஓர் அறையாவது கேட்டார். அங்கிருந்த பெண் கேட்டாளாம், உங்களை வெளியேற்றினார்களா என்று. "இல்லை, நானே திறப்பைக் குடுத்தனான்" என்று தன் இங்கிலிஷில் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் நீங்கள் வேண்டுமென்றே வீடற்றவராகியிருக்கிறீர்கள், எங்களுக்குப் பொறுப்பில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

வேண்டுமென்றே வீடற்றவர். அந்தச் சொல்லை அண்ணை பல நாள் வாய்க்குள் போட்டு மென்றுகொண்டிருந்தார். ஊரைவிட்டு வந்ததைச் சொல்கிறார்களோ என்று அவருக்கு முதலில் சந்தேகம். லூயிஷாமில் தங்கச்சியின் மகனான ஒரு மருமகனின் கடைக்கு மேலே, அரிசி மூட்டைகளுக்கு நடுவில் இருவரும் பாய் விரித்துப் படுத்தார்கள்.

3

அந்த நாட்களில் ஒரு பின்னேரம் வாணி பள்ளியிலிருந்து வந்து சொன்னாள்.

"அம்மா, ஹிஸ்டரிக்கு டிப்ரஷன் பற்றி ஒரு புரொஜெக்ட் செய்யவேணும்."

"ஆருக்கு?"

"அமெரிக்காவுக்கு."

"நாடு முழுக்கவோ? என்ன குளிசை குடுத்தவை?"

வாணி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். அதற்கு முந்தின வாரம்தான் புஷ்பம் அக்காவுக்கு டொக்டர் அதே சொல்லைச் சொல்லி மாத்திரை எழுதியிருந்தார். எனக்குத் தெரிந்த டிப்ரஷன் அது ஒன்றுதான். முப்பதுகளில் அமெரிக்காவில் வந்த பொருளாதார மந்தத்துக்கும் அதுதான் பெயர் என்று மகள் விளங்கப்படுத்தினாள். அரசாங்கம் என்ன செய்தது, சாதாரண சனம் என்ன செய்தது, இரண்டையும் எழுதவேண்டும். அந்தக் காலத்தில் வாழ்ந்த ஒருவரைக் கேட்டு எழுதினால் கூடுதல் புள்ளி.

"கீழ மிஸ்டர் கால்வின் அமெரிக்கன்தானே அம்மா. அவரைக் கேக்கப் போறன்."

"ஒரு தேவையும் இல்லை."

மிஸ்டர் கால்வின் எங்கள் வீட்டுக்காரர். கீழ்த்தளத்தில் தனியே இருந்தார், மேல்தளம் எங்களுக்கு வாடகை. இரண்டாம் உலக யுத்தத்துக்குச் சிப்பாயாக வந்து, இங்கே ஒரு பெண்ணைக் கல்யாணம் முடித்து, ஒரு அச்சகத்தில் வேலை செய்து, மனைவி இறந்த பிறகும் திரும்பிப் போகாதவர். எங்களிடம் யார் வருகிறார்கள், எத்தனை பேர் தங்குகிறார்கள் என்று அவர் யன்னலால் பார்ப்பதாக எனக்கு எப்போதும் ஓர் எண்ணம். அவர் காலை வணக்கம் சொன்னால் அடுத்ததாக வாடகையை உயர்த்தப் போகிறார் என்று நினைப்பேன். ஏழு வருடத்தில் அப்படி நடந்தது இரண்டு தடவை மட்டுமே. அதற்காக நினைப்பை விட முடியுமா?

மகளைத் தனியே அனுப்ப மனமில்லாமல் நானும் கூடப் போனேன்.

4

அவர் தேநீரை மிகச் சாயமாகப் போட்டார். வாணி ஒலிப்பதிவுக் கருவியை மேசையில் வைத்தாள். அதைப் பார்த்ததும் கிழவர் தலைமுடியைத் தடவி விட்டுக்கொண்டார். அவருடைய இங்கிலிஷ் எனக்குப் பாதிதான் பிடிபட்டது. மீதியை வாணி பிறகு சொன்னாள்.

அயோவா என்ற மாநிலத்தில் சோளமும் பன்றியும் வளர்த்த குடும்பம். அவருக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது ஊர் வங்கி ஒரு காலை திறக்கவில்லை. அப்பா மற்றவர்களோடு வாசலில் நின்றுவிட்டு, மாலையில் வந்து, ஒன்றும் பேசாமல் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாராம். அப்போதிருந்த ஜனாதிபதி விரைவில் எல்லாம் சரியாகிவிடும் என்றார். அடுத்து வந்தவர் நாட்டிலிருந்த எல்லா வங்கிகளையும் சில நாள் பூட்டிவிட்டு, வானொலியில் பக்கத்து வீட்டுக்காரர்போலப் பேசி, இனிப் பயமில்லை, காசைத் திரும்பக் கொண்டுவந்து போடுங்கள் என்று கேட்டார். சனம் கொண்டுபோய்ப் போட்டது.

"உங்கள் அப்பா?" என்று கேட்டாள் வாணி.

அப்பா முழுப் பேச்சையும் கேட்டாராம். நன்றாகப் பேசுகிறான் என்றாராம். மாவுத் தகரத்தில் ஒளித்து வைத்த காசை எடுக்கவேயில்லை. அம்மாவோ அந்த ஜனாதிபதிக்கே ஒவ்வொரு தடவையும் வாக்குப் போட்டாளாம்.

எனக்கு அந்த அப்பாவைப் பிடித்துப்போனது.

அவருடைய அண்ணனை அரசாங்கம் காட்டில் மரம் நடும் முகாமுக்கு எடுத்தது. சம்பளத்தின் பெரும்பங்கை நேரே வீட்டுக்கு அனுப்பினார்கள், அதில்தான் ஒரு குளிர்காலம் கழிந்தது. அதே அரசாங்கம் விலை ஏறவேண்டும் என்பதற்காகப் பன்றிக்குட்டிகளைக் காசு கொடுத்து வாங்கிக் கொன்றது. நகரங்களில் ஆட்கள் ஒரு கோப்பை சூப்புக்கு வரிசையில் நின்ற காலம் அது.

கடைசியாக ஏலக் கதையைச் சொன்னார். பக்கத்துப் பண்ணைக்காரர் கடன் கட்டவில்லை. அவருடைய மாடு, கலப்பை, வண்டி எல்லாவற்றையும் ஏலத்தில் விட ஆட்கள் வந்தார்கள். அயலிலிருந்த பண்ணைக்காரர் எல்லோரும் முற்றத்தில் கூடினார்கள். ஒரு பசு ஐந்து சதம். கலப்பை ஒரு சதம். வேறு எவரும் கூட்டிக் கேட்கவில்லை. முடிவில் எல்லாவற்றையும் சில்லறைக்கு வாங்கி, உரியவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

வாணியின் கண் பளபளத்தது. "இட்ஸ் அமேசிங்" என்றாள்.

கிழவர் இன்னும் முடிக்கவில்லை. தானியக் கொட்டிலின் கூரை வளைமரத்திலிருந்து ஒரு கயிறு தொங்கியதாம், நுனியில் சுருக்குப் போட்டு. வெளியூர்க்காரன் ஒருவன் பசுவுக்கு நல்ல விலை சொல்லிக் கை தூக்கினான். இவருடைய அப்பாவும் இன்னொருவரும் மெதுவாக நடந்துபோய் அவனுக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். அவன் கையை இறக்கினான்.

"இறக்காவிட்டால் என்ன செய்திருப்பார்கள்?" என்று கேட்டாள் வாணி.

"அப்பாவிடம் அதை நான் ஒருபோதும் கேட்கவில்லை" என்றார் மிஸ்டர் கால்வின். கருவியை நிறுத்தச் சொன்னார்.

படியேறி வரும்போது வாணிக்கு ஒரே மகிழ்ச்சி. ஊர் ஒன்றாய் நின்றால் எதையும் வெல்லலாம் என்றாள். எங்கள் ஊரும் ஒன்றாய் நின்றிருக்கிறது. எண்பதுகளில் ஒரு காலை சந்தி மின்கம்பத்தில் ஒருவர் உயிரில்லாமல் கட்டப்பட்டிருந்தார். கழுத்தில் ஒரு மட்டையில் ஏதோ எழுதியிருந்தது. ஊர் முழுக்கச் சுற்றி நின்றது. என்ன செய்தவர் என்று ஒருவரும் வாய் திறந்து கேட்கவில்லை. அந்த நாளிலிருந்து, எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டார்கள் என்று யாராவது சொன்னால் நான் முதலில் கயிறு எங்கே என்று தேடுகிறேன்.

5

வாணி அந்தக் கதையை எங்கள் பக்கம் திருப்பினாள். இராசன் மாமாவின் வீட்டை ஏலம் விடப்போகிறார்களாம். எங்களுடைய ஆட்கள் ஒருவரும் கேட்கக்கூடாது என்று கோயிலில் சொன்னால் என்ன?

"எங்கட ஆக்கள் கேளாட்டி? மற்ற ஆக்கள் கேப்பினம்தானே" என்றேன்.

"அட்லீஸ்ட் எங்கட ஆக்கள் கேக்கேல்லை எண்டாவது இருக்கும்."

இவர், என் கணவர் சிவபாலன், அப்போது செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தைத் திருப்பவில்லை. ஏதோ சரியில்லை என்று என் மனம் சொன்னது.

இவருக்குப் பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை. எங்கள் கனவெல்லாம் ஒரு சொந்த வீடு. விலை விழுந்துகொண்டே போன அந்த வருடத்தில், நண்பர் கணேசும் இவரும் சேர்ந்து ஏதாவது வாங்கலாம் என்று பேசிக்கொள்வார்கள். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த வாரம் இவர் தொலைபேசியைக் கயிற்றோடு இழுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்ப் பேசினார். கதவுக்கு வெளியே நான் நின்றேன்.

"மலிவா வரும் கணேஸ். எனக்கு அந்த வீட்டின்ர ஒவ்வொரு மூலையும் தெரியும். கூரை நல்லது."

எங்களுக்குச் சோறு போட்ட வீட்டின் கூரை. வெளியே வந்தவரை மறித்தேன்.

"ஆற்ற வீடு?"

"சும்மா கதைச்சம்."

"அண்ணையின்ர வீட்டையோ வாங்கப் போறியள்?"

இவர் கதிரையில் இருந்தார். "இஞ்ச பாரும். நான் வாங்காட்டி வேற ஒருத்தன் வாங்கத்தான் போறான். அண்ணைக்கு அது திரும்பக் கிடைக்கப் போறதில்லை. எனக்கென்ன, அவரைத் தெருவில விட்டது நானோ?"

எழுபதுகளில் எங்கள் நாட்டில் இறக்குமதி நின்று, தெற்கே பாண் ரொட்டிக்குச் சனம் விடிய முதல் வரிசையில் நின்றபோது, எங்கள் பக்கத்தில் மிளகாயும் வெங்காயமும் விலை ஏறித் தோட்டக்காரர் கல்வீடு கட்டினார்கள். என் அப்பாவும் கட்டினார். பஞ்சம் எல்லோருக்கும் பஞ்சமாக வருவதில்லை என்பது எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். ஆனால் அப்பா வரிசையில் நின்றவர்களின் முகத்தைக் கண்டதில்லை. நாங்கள் கண்டிருக்கிறோம்.

வாணி அறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.

"யு ஆர் த மேன் ஹூ புட் ஹிஸ் ஹேண்ட் அப், அப்பா" என்றாள். இவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது, ஏலத்தில் கை தூக்கிய அந்த வெளியூர்க்காரன் நீங்கள்தான் என்கிறாள். அவள் மூன்று நாள் இவரோடு பேசவில்லை.

6

ஏலத்துக்கு நானும் போனேன். இவரை நம்பி அனுப்ப மனமில்லை. வாணியும் பள்ளிக்குப் போகமாட்டேன் என்று நின்றாள். நகரத்தில் ஒரு பெரிய ஹோட்டல் மண்டபம். மேலே கண்ணாடி விளக்குகள், வாசலில் தேநீரும் பிஸ்கட்டும். வீடு இழந்தவர்களின் வீடுகளை விற்கிற இடம் அத்தனை வெளிச்சமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

உள்ளே நுழைந்ததும் கோயில் முகங்கள் சில கண்ணில் பட்டன. எங்களைக் கண்டதும் ஒருவர் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டினார். அண்ணைக்குக் குதிரைப் பந்தயம் என்று சொன்ன அதே மனிதர். யாருமே இராசன் அண்ணையின் வீட்டுக்கு வரவில்லை, எல்லோரும் வேறு ஏதோ பார்க்க வந்தவர்கள். அப்படித்தான் முகத்தை வைத்திருந்தார்கள். நாங்களும்.

கணேஸ் எங்களுக்கு முன் வரிசையில். இவருக்கு ஒரு பக்கம் வாணி இருந்தாள். மறுபக்கம் நான். வாணி தகப்பனின் வலது கையைப் பிடித்திருந்தாள். பார்க்கிறவர்களுக்குப் பாசமாகத் தெரிந்திருக்கும்.

அப்போது கதவைத் திறந்துகொண்டு இராசன் அண்ணை வந்தார். வேலைக்குப் போகிற காலத்துக் கோட், கழுத்துப்பட்டி. நேரே எங்களிடம் வந்தார்.

"வந்தனீரோ தம்பி" என்றார்.

"சும்மா பாக்க அண்ணை."

"பாக்க வந்தா காணாது. கேளும்."

அண்ணை குனிந்து, வாணிக்கும் கேட்கும்படி சொன்னார். "குறைஞ்ச விலைக்குப் போச்சுதெண்டா மிச்சக் கடன் என்ர தலையில. எவ்வளவு கூடப் போகுதோ அவ்வளவு எனக்கு நல்லது. உங்களுக்காக நாங்கள் ஏலம் கேக்க மாட்டம் எண்டு சொல்லி ரெண்டு பேர் நேற்று டெலிபோன் எடுத்தவை. என்னத்தைச் சொல்ல? ஏலாதவன்ர வீடு ஏலத்துக்குத்தானே போகும். போறது நல்ல விலைக்குப் போகட்டும்."

சொல்லிவிட்டுப் பின்வரிசைக்குப் போய்விட்டார். வாணி என்னைப் பார்த்தாள். அயோவாவில் குறைத்துக் கேட்டவன் நண்பன். இங்கே கூட்டிக் கேட்டால்தான் அண்ணைக்கு நன்மை. அவளுடைய புத்தகத்தில் இது இல்லை. மெதுவாகத் தகப்பனின் கையை விட்டாள்.

வீட்டின் இலக்கத்தை வாசித்தார்கள். ஏலம் கூறுகிறவர் மூச்சு விடாமல் பேசினார். இவர் கை தூக்கினார். முன்னால் சாம்பல் நிறக் கோட் போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் பேனாவை மட்டும் அசைத்தார். இவர் மறுபடியும் தூக்கினார். சப்பாத்து நாடா கட்டியவரும் ஒரு தடவை தூக்கிவிட்டு எங்களைப் பார்க்காமல் இறக்கினார். பேனா அசைந்தது. இவர் தூக்கினார். கணேஸ் திரும்பி, "போதும் மச்சான், இதுக்கு மேல எங்களிட்ட இல்லை" என்றார். உண்மை. பேசிவைத்த எல்லை அதுதான்.

இவர் இன்னொரு தடவை கை தூக்கினார்.

கணேசின் முகம் வெளிறியது. இதில் எங்களிடமே விழுந்தால் கட்ட வழியில்லை. பேனா உடனே அசையவில்லை. அந்த மனிதர் யோசித்தார். பிறகு அசைத்தார். சுத்தியல் விழுந்தது. சாம்பல் கோட்காரர் தன் தாளில் ஏதோ குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குக் காத்திருந்தார். அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

நான் பின்வரிசையைப் பார்த்தேன். அண்ணை போய்விட்டிருந்தார்.

அடுத்து வந்த செப்டெம்பரில் அரசாங்கம் ஒரே நாளில் இரண்டு தடவை வட்டியை உயர்த்துவதாக அறிவித்து, இரவுக்குள் எல்லாவற்றையும் கைவிட்டது. அதற்குப் பிறகு வட்டி விழத் தொடங்கியது. ஒரு வருடம் பொறுத்திருந்தால் வீடு தப்பியிருக்கும் என்று கோயிலில் பிறகு பெருமூச்சு விட்டார்கள்.

7

ஏலம் முடிந்த அன்றே வாணி கீழே போய் எல்லாவற்றையும் மிஸ்டர் கால்வினுக்குச் சொல்லியிருக்கிறாள். அடுத்த வாரம் அவர் படியேறி வந்து, மனைவி தையல் மெசின் வைத்திருந்த பின்னறை சும்மா கிடக்கிறது, உங்கள் நண்பர்கள் வந்து இருக்கலாம் என்றார். எனக்கு உடனே கயிறு ஞாபகம் வந்தது. என்ன எதிர்பார்க்கிறார்? விசாரித்ததில் விடை கிடைத்தது. அண்ணைக்குக் கவுன்சில் வீடு தராது, ஆனால் வாடகைப் பெனிபிட் தரும். அது கிழவருக்குப் போகும். அண்ணையும் அக்காவும் லூயிஷாமிலிருந்து அந்த அறைக்கு வந்தார்கள். சும்மா கிடந்த அறைக்கு அரசாங்கம் மாதாமாதம் காசு கட்டியது. அவருக்கு இலாபம்தான். அதே கிழவர்தான் புஷ்பம் அக்காவை ஒவ்வொரு புதன்கிழமையும் டொக்டரிடம் காரில் கூட்டிப்போய், வெளியே காத்திருந்து கூட்டிவந்தார். அதற்குப் பெனிபிட் ஒன்றும் இல்லை. இவற்றில் எது உண்மையான கால்வின் என்று நான் நெடுநாள் மண்டையைப் போட்டு உடைத்தேன்.

புஷ்பம் அக்கா தினமும் மேலே வருவார். அண்ணை வரமாட்டார். வாசலில் கண்டால் இவரோடு சிரிப்பார், காலநிலை பேசுவார். ஆனால் எங்கள் படியில் அவர் கால் வைத்ததில்லை. அவர்கள் கீழே இருந்த இரண்டு வருடமும் அப்படித்தான். இவரும் காரணம் கேட்கவில்லை. எனக்கோ இவரிடமே கேட்க ஒரு கேள்வி இருந்தது. அந்தக் கடைசிக் கை எதற்கு? ஆசை கண்ணை மறைத்ததா, அண்ணையின் கடனைக் கொஞ்சம் குறைக்க நினைத்தாரா? பக்கத்தில் படுத்திருப்பவரைச் சந்தேகிப்பது பெரிய பாரம். விடை பிழையாக வந்துவிடுமோ என்ற பயத்தில் நானும் கேட்கவில்லை.

லூயிஷாம் மருமகன் இரண்டாவது கடை திறந்து, அதைப் பார்த்துக்கொள்ள அண்ணையைக் கூப்பிட்டார். சாமான்களை வாடகை வானில் ஏற்றிய காலை, படியில் பாரமான காலடிச் சத்தம் கேட்டது. அண்ணை எங்கள் அடுப்படி வாசலில் வந்து நின்றார். மூச்சு வாங்கியது.

"தம்பி, ஒண்டு கேக்கவேணும். அண்டைக்குக் கடைசியா நீர் கை தூக்கினது எனக்காகவோ, உமக்காகவோ?"

நான் கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.

"முதல் தூக்கினது எல்லாம் எனக்காக, அண்ணை. பொய் சொல்லேலாது. கடைசி ஒண்டு… அதில நீங்களும் இருந்தனீங்கள். அந்தப் பேனாக்காரனில கோபமும் இருந்தது. எது எவ்வளவு எண்டு எனக்கே தெரியேல்லை."

அண்ணை இவரை உற்றுப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். அந்த இரண்டு வருடத்தில் நான் கேட்காத சிரிப்பு.

"முழுக்க எனக்காக எண்டு சொல்லியிருந்தீர் எண்டா இப்பவே இறங்கிப் போயிருப்பன்" என்றார். கதிரையை இழுத்து எங்கள் மேசையில் உட்கார்ந்தார். "பிள்ளை, தேத்தண்ணி போடு. வான்காரன் நிக்கட்டும்."